கடன் தள்ளுபடி கேட்பதா, வேறு என்ன கேட்பது?

கேள்வி:

அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறிய பட்டறை நடத்துகிறேன். 14 பேர் வேலை பார்க்கிறார்கள். எங்களைப் போன்ற 40 சிறு பட்டறைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அதற்கு நான்தான் செயலாளர். நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்த பிறகு மூலப்பொருள் விலை ஏறிவிட்டது, வட்டி ஏறிவிட்டது, ஆர்டர் பாதியாகிவிட்டது. பெரிய கம்பெனிகளும் ஓர் அரசுத் துறையும் தர வேண்டிய பில் பணம் ஐந்தாறு மாதமாக வரவில்லை. சிறுதொழிலுக்கென்று அரசு பெரிய தொகை அறிவித்தது. வங்கிக்குப் போனால், ஏற்கெனவே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி வருபவர்களுக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்தோம். "பணம் கொடுப்பது அரசு. நான் ஒரு உறுப்பினர். என்னால் என்ன செய்ய முடியும்?" என்றார். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தின் தொழில்துறை நிலைக்குழு சங்கங்களிடம் கருத்துக் கேட்கப்போகிறது. எல்லாக் கடனையும் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறோம். அது சரியா? உறுப்பினர் சொன்னது உண்மையா? எங்கள் பெயர், ஊர், நாடு எதுவும் வெளியே வர வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று மாதமாக உங்களுக்கென்று சம்பளம் எடுக்கவில்லை, அது வேலையாட்களுக்குத் தெரியாது என்று ஓரத்தில் எழுதியிருந்த வரியையும் படித்தேன். நாடாளுமன்றக் குழுக்களுக்குக் குறிப்பு தயாரித்துக் கொடுக்கும் வழக்கறிஞராகப் பல ஆண்டு வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மனுவை அப்படியே அனுப்பாதீர்கள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, மாற்றி எழுத அது போதும்.

உறுப்பினர் சொன்னது பாதி உண்மை. நாடாளுமன்ற முறையைப் பின்பற்றும் பல நாடுகளில், கருவூலப் பணம் செலவாகிற மாதிரியான மசோதாவை அரசின் ஒப்புதல் இல்லாமல் தனி உறுப்பினர் கொண்டுவர முடியாது. "எங்களுக்கு இவ்வளவு கொடு" என்று நீங்கள் கேட்டால் அவர் கையை விரிப்பது அதனால்தான். மறுபாதியை அவர் சொல்லவில்லை. வரியைக் கூட்டவும் குறைக்கவும் சட்டம் வேண்டும். கருவூலத்திலிருந்து பணம் எடுக்க அவையின் ஒப்புதல் வேண்டும். சரக்கு வாங்கியவர் எத்தனை நாளில் பணம் தர வேண்டும், அடமானச் சொத்தை வங்கி எப்போது ஏலம் விடலாம் என்பதையெல்லாம் சட்டம்தான் தீர்மானிக்கிறது. கடைசியாகச் சொன்ன இரண்டுக்கும் அரசுக்குப் பெரிய செலவே இல்லை. உங்கள் உறுப்பினரின் குரலுக்கு எடை அதிகம் உள்ள இடமும் அதுதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நெருக்கடி வந்ததும் முதலில் நடவடிக்கை எடுப்பது அரசுதான், அவசரச் சட்டத்தின் மூலமாகவோ அரசாணையின் மூலமாகவோ. நாடாளுமன்ற அவை பிறகுதான் கூடும். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவசரச் சட்டம் எப்படியும் அவைக்கு வந்தாக வேண்டும். இந்தியாவில் நாடாளுமன்றம் மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் அது சட்டமாக நிறைவேறாவிட்டால் காலாவதியாகிவிடும். பிரேசிலில் அதிபர் பிறப்பிக்கும் தற்காலிக ஆணைக்கு 60 நாள், நீட்டித்தால் இன்னொரு 60 நாள். அதற்குள் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்காவிட்டால் அது செல்லாது. அரசு அவசரத்தில் எழுதியதில் யார் விடுபட்டார்கள் என்று சொல்லித் திருத்தம் வாங்க வேண்டிய நேரம் இந்தச் சில வாரங்கள்தான். பெரிய கம்பெனிகளின் சங்கங்கள் இதைக் கணக்காகப் பயன்படுத்துகின்றன. சிறு சங்கங்கள் பெரும்பாலும் அப்போது வங்கி வாசலில் நிற்கின்றன.

இனி தள்ளுபடி. உங்கள் 40 பட்டறைகளில் எத்தனை பேருக்கு வங்கியில் கடன் இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். பலர் கைமாற்றாக வாங்கியிருப்பார்கள், மூலப்பொருள் தருபவரிடம் பாக்கி வைத்திருப்பார்கள், நகையை அடகுக் கடையில் வைத்திருப்பார்கள். வங்கிக் கடனைத் தள்ளுபடி செய்தால் இவர்களில் ஒருவருக்கும் ஒரு பைசா மிச்சமில்லை. வங்கிக் கடன் உள்ளவர்களுக்கும் அடுத்த ஆண்டு கதவு மூடிவிடும். சிறுதொழிலுக்குக் கொடுத்தால் திரும்ப வராது என்று வங்கி முடிவு கட்டிவிடும். அதோடு தள்ளுபடி மொத்தமாகக் கருவூலச் செலவு. அந்நியச் செலாவணி இல்லாமல் தத்தளிக்கும் அரசிடம் அதைக் கேட்டால் குழுவின் தலைவர் "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லி அடுத்த சங்கத்தை அழைப்பார். இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்திலேயே இதைவிட வலுவான கோரிக்கை ஒன்று இருக்கிறது. ஐந்தாறு மாத பில் பாக்கி. அது உங்கள் பணம். நீங்கள் சரக்கு கொடுத்துவிட்டீர்கள், அவர்கள் அதைப் பயன்படுத்தியும் விட்டார்கள். அந்தப் பணம் வராததால்தான் நீங்கள் வங்கிக்கு வட்டி கட்டுகிறீர்கள். யோசித்துப் பார்த்தால், வட்டியில்லாக் கடன் கொடுத்து அந்தப் பெரிய கம்பெனியைத் தாங்கிக்கொண்டிருப்பது உங்கள் 14 பேரின் உழைப்பு. நெருக்கடி வரும்போதெல்லாம் பெரியவர்கள் முதலில் நிறுத்துவது சிறியவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைத்தான், ஏனென்றால் சிறியவர்கள் வழக்குப் போட மாட்டார்கள். இதைச் சட்டத்தால் சரிசெய்ய முடியுமா என்று பல நாடுகள் முயன்றிருக்கின்றன. அந்த முயற்சிகளில் உங்களுக்குப் பாடம் நிறைய இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியா 2006-இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி அளவான வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. மாநிலந்தோறும் இதை விசாரிக்க வசதி மன்றங்கள் உண்டு. வாங்கியவர் அந்த மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து மேலே போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இதைவிடக் கடுமையாக எழுத முடியாது. ஆனாலும் பாக்கி தீரவில்லை. காரணம் நீங்களும் நானும் அறிந்ததுதான்: புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் பாரத்தையும் பலவீனமானவர் தலையிலேயே வைத்தது அந்தச் சட்டம்.

17 ஆண்டு கழித்து, 2023 நிதிச் சட்டத்தில் இந்திய நாடாளுமன்றம் வேறு பக்கமாக வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு புதிய உட்பிரிவு சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை 2006 சட்டம் சொன்ன காலத்துக்குள் தராவிட்டால், அந்தத் தொகையை வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக் காட்ட முடியாது. எப்போது உண்மையில் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. யாரும் புகார் கொடுக்க வேண்டாம், யாருடைய பெயரும் வெளியே வர வேண்டாம். ஆண்டு முடியும்போது பெரிய கம்பெனியின் கணக்கரே தன் முதலாளியிடம் போய், "இந்தச் சின்ன பில்லையெல்லாம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வரி கூடும்" என்று சொல்வார். என் பார்வையில் இது நல்ல சட்ட வேலை, ஏனென்றால் வலியை அது சரியான இடத்துக்கு நகர்த்தியது. குறை இல்லாமல் இல்லை. இந்தப் பாதுகாப்பு இல்லாத நிறுவனங்களுக்கு வாங்குபவர்கள் ஆர்டரை மாற்றிவிடுவார்கள் என்று சிறு உற்பத்தியாளர்களே பயந்தார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் இது பொருந்தவில்லை. அரசுத் துறை வருமான வரி கட்டுவதில்லை, ஆகவே அரசே வைத்திருக்கும் பாக்கியை இந்த வழி தொடவே முடியாது.

கொலம்பியா கொரோனா நெருக்கடியின் நடுவிலேயே, 2020 ஜூலையில், நியாயமான காலத்துக்குள் பணம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. முதல் ஆண்டு 60 நாள், அடுத்த ஆண்டு முதல் 45 நாள். திடீரென்று இறுக்காமல் படிப்படியாக இறுக்கினார்கள். பெரிய வாங்குபவர்களும் அதே நெருக்கடியில்தான் இருக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதியதுபோல் தெரிகிறது. உங்கள் குழுவிலும் யாராவது "இப்போது போய் இதைச் செய்தால் பெரிய கம்பெனிகள் தாங்குமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். இந்த உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து உங்கள் மனுவின் முதல் கோரிக்கையை இப்படி எழுதலாம். கால வரம்பு அரசுத் துறைகளுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் சேர்த்தே இருக்க வேண்டும். காலம் தாண்டியதும், கேட்காமலே வட்டி ஏற வேண்டும். புகாரைத் தனி நிறுவனம் கொடுக்காமல் சங்கம் தன் பெயரில் கொடுக்க அனுமதி வேண்டும். பெரிய கம்பெனிகள் சிறு நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் பாக்கியைத் தங்கள் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். அரசுத் துறைப் பாக்கிக்கு மட்டும் பணம் வேண்டும். அதற்கு வழி துணை மதிப்பீடு. ஆண்டு நடுவில் கூடுதல் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்டு அரசு வரும்போது, "இந்தத் துறை சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது? அதற்கு இதில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று உங்கள் உறுப்பினர் எழுந்து கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்கு அமைச்சர் எண்ணோடு பதில் சொல்லியாக வேண்டும். "என்னால் என்ன செய்ய முடியும்" என்ற உங்கள் உறுப்பினரிடம் இந்தக் கேள்வியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, வங்கி உங்களைத் திருப்பி அனுப்பிய விஷயம். இது உங்கள் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. அரசு உத்தரவாதம் கொடுக்கும், பணத்தை வங்கி கொடுக்கும் என்ற ஏற்பாட்டில், வங்கி ஏற்கெனவே யாரை நம்புகிறதோ அங்கேதான் பணம் போகும். இந்தியாவில் 2020 மே மாதம் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன் கொடுத்தது. கடன் இருந்தவர்களில் பலரை அது உண்மையிலேயே காப்பாற்றியது. ஆனால் அன்றைக்குக் கடனே இல்லாதவருக்கு 20 சதவீதம் என்றால் பூஜ்யம். தென்னாப்பிரிக்காவில் அதே ஆண்டு 20,000 கோடி ராண்ட் அளவுக்குக் கடன் உத்தரவாதம் அறிவித்தார்கள்; கடைசியில் வங்கிகள் கொடுத்தது அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அறிவித்த தொகை வேறு, பட்டறைக்குள் வந்து சேர்ந்த தொகை வேறு. இந்திய மாநிலங்களவையின் தொழில்துறை நிலைக்குழு 2021-இல் கொடுத்த அறிக்கையும் இதைத்தான் சுட்டிக்காட்டியது: அரசின் உதவி பெரும்பாலும் கடனாகவும் நீண்டகால நடவடிக்கையாகவும் இருந்தது, உடனடியாகக் கையில் பணம் புழங்க வழி செய்யவில்லை என்று. அந்தக் குழுவில் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். நிலைக்குழுக்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிரேசில் செய்தது எனக்குப் பிடித்த உதாரணம். 2020 மே 18 அன்று வந்த 13,999-ஆம் எண் சட்டம், ப்ரோனாம்பே என்ற சிறுதொழில் கடன் திட்டத்தைத் தொடங்கியது. அரசு கொண்டுவந்த மசோதா இல்லை, மேலவை உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்தது. கடன் அளவைப் பழைய கடனை வைத்துக் கணக்கிடாமல், 2019-இல் வரித் துறைக்குக் காட்டிய வருவாயில் 30 சதவீதம் வரை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வரித் துறையே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அந்த வருவாய் எண்ணைக் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்பியது. அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார்கள். வட்டிக்கும் உச்சவரம்பு சட்டத்தில் இருந்தது. பதிலுக்கு ஒரு கடமையும் இருந்தது: கடனின் கடைசித் தவணை கைக்கு வந்து 60 நாள் வரை ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. அதிபர் சில பிரிவுகளை நிராகரித்தார், எட்டு மாதத் தவணை விடுப்பு அதில் போய்விட்டது. ஆனாலும் மிச்சம் நின்றது. அடுத்த ஆண்டே அது நிரந்தரத் திட்டமானது. ஆகவே உங்கள் மனுவில் "கடன் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், "கடன் அளவை வரிக் கணக்கில் காட்டிய விற்பனையை வைத்து முடிவு செய்யுங்கள், பழைய கடனை வைத்து வேண்டாம்" என்று கேளுங்கள். வரிக் கணக்கே தாக்கல் செய்யாத பட்டறைகள் உங்கள் சங்கத்தில் இருந்தால், அவர்களுக்கு இந்த வழியும் திறக்காது. அதை அவர்களிடம் இப்போதே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடமானம், ஏலம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஆறு மாதப் பாக்கி இருக்கும் இடத்தில் அது வராமல் போகாது. இலங்கையில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது; அங்கே அதைப் பராட்டே சட்டம் என்பார்கள். 2022-இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்று, வட்டி உச்சத்துக்குப் போனபோது, கொள்ளைநோயிலிருந்து எழாத சிறுதொழில்காரர்களின் தொழிற்கூடங்களும் வீடுகளும் இந்த ஏலத்தில் மாட்டின. அவர்கள் விடாமல் குரல் கொடுத்ததால் 2024-இல் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தை அந்த ஆண்டு டிசம்பர் 15 வரை நிறுத்தி வைத்தது. பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டித்தது. முடிவுத் தேதி இருந்ததை நான் ஆதரிக்கிறேன். தேதியே இல்லாமல் நிறுத்தினால் வங்கி அடமானத்தையே நம்பாது, புதுக் கடன் கொடுக்காது. ஆனால் அந்த இடைவெளியில் கடனை மாற்றியமைத்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்காவிட்டால், நிறுத்தி வைத்தது வெறும் தள்ளிப்போடுதல்தான். ஏற வேண்டிய வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நீங்கள் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறுதொழிலைக் காப்பாற்ற என்று சொல்லி வரும் மாற்றம் சில நேரம் சிறுதொழிலையே அடிக்கும். 2020 மார்ச்சில் இந்தியா திவால் சட்டத்தின் கீழ் வழக்குப் போடக் குறைந்தபட்ச பாக்கி அளவை 1 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடியாக உயர்த்தியது. சிறு நிறுவனங்கள் திவால் வழக்கில் இழுக்கப்படக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் பெரிய கம்பெனியிடம் 20 லட்சம், 30 லட்சம் பாக்கி நிற்கும் சிறு சப்ளையர், "பணம் தராவிட்டால் திவால் தீர்ப்பாயத்துக்குப் போவேன்" என்று சொல்ல வைத்திருந்த ஆயுதமும் அன்றோடு போயிற்று. நீங்கள் கடன் வாங்கியவராகவும் இருக்கிறீர்கள், பணம் வர வேண்டியவராகவும் இருக்கிறீர்கள். எந்த மசோதா வந்தாலும் இந்த இரண்டு நிலையிலும் உங்களுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். அந்த உயர்வு யார்மீதான வழக்குக்குப் பொருந்தும் என்று பிரித்து எழுதியிருக்கலாம்; வாங்குபவர் பெரிய நிறுவனமாக இருந்தால் பழைய அளவே போதும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு வரிக்காகத்தான் சங்கங்கள் குழுவுக்குப் போக வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்யா 2020 ஏப்ரலில் சிறு நிறுவனங்களின் விற்பனை மீதான வரியை 3 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக்கியது. 2023-இல் அது மறுபடி 3 ஆனது. பிலிப்பைன்ஸ் 2020 ஜூலை 1 முதல் 2023 ஜூன் 30 வரை 3 சதவீத வரியை 1 ஆக்கி, இரண்டு தேதிகளையும் சட்டத்திலேயே எழுதியது. எப்போது பழைய வரி திரும்பும் என்று தெரிந்தால் நீங்கள் விலை பேசலாம், ஆளை வைத்துக்கொள்ளலாம்; அதனால் எனக்கு இரண்டாவது முறை மேல் என்று தோன்றுகிறது. லாபத்தின் மீதான வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். லாபமே இல்லாத ஆண்டில் அதனால் உங்களுக்கு என்ன வரப்போகிறது? நீங்கள் கேட்க வேண்டியது மதிப்புக் கூட்டு வரியில் ஒரு மாற்றம். பில் போட்ட மாதமே வரியைக் கட்டுகிறீர்கள், பில் பணமோ ஆறு மாதம் கழித்து வருகிறது. வராத பணத்துக்குக் கையிலிருந்து வரி கட்டுகிறீர்கள். பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்டலாம் என்று சிறு நிறுவனங்களுக்கு மட்டும் விதி மாற்றச் சொல்லுங்கள். அரசுக்கு நிரந்தர இழப்பு இல்லை, கொஞ்சம் தாமதம்தான்.

நிறைவேறிய சட்டம் நடக்கிறதா என்று பார்ப்பதும் நாடாளுமன்றத்தின் வேலைதான். உண்மையில் நெருக்கடிக் காலத்தில் அதுதான் பெரிய வேலை. பிலிப்பைன்ஸ் 2020 மார்ச்சில் அதிபருக்கு அவசர அதிகாரம் கொடுத்தபோதே, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவில் தணிக்கைத் தலைவர் ஆண்டு முடியக் காத்திருக்காமல் பணம் போய்க்கொண்டிருக்கும்போதே தணிக்கை செய்தார். 2020 செப்டம்பரில் வந்த முதல் அறிக்கையிலேயே, தொழிலாளர் சம்பளத்துக்கான நிவாரணம் இறந்துபோனவர் பெயரிலும் சிறையில் இருப்பவர் பெயரிலும் போயிருப்பது வெளியே வந்தது. இந்திய மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகளுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அமைச்சர் அவையில் "செய்கிறோம்" என்று சொன்னதைக் குறித்து வைத்து, செய்தார்களா என்று கேட்பதுதான் அதன் வேலை. உங்கள் நாட்டில் அப்படிக் குழு இல்லாவிட்டாலும், அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு பதிவேட்டில் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் கேட்க ஓர் உறுப்பினர் போதும்.

குழுவிடம் இந்த வகையில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிவாரணக் கடன் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதோடு, எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது, என்ன காரணத்தால் என்பதையும் மாதாமாதம் வெளியிட வேண்டும். நிறுவனத்தின் அளவு வாரியாக, பெண்கள் நடத்துபவை தனியாக. கொடுத்த கணக்கை எல்லா அரசும் பெருமையாகச் சொல்லும். மறுத்த கணக்கு எந்த ஆவணத்திலும் இருக்காது, ஏனென்றால் வங்கியில் வாயால் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். உங்கள் சங்க உறுப்பினர்கள் அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது, மறுப்பை எழுதிக் கேட்கட்டும். தர மறுத்தால் தேதி, கிளை, சொன்ன காரணம் மூன்றையும் அன்றைக்கே குறித்து வைக்கட்டும்.

மனு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் காலையிலிருந்து ஏழு சங்கங்கள் வந்து ஏறக்குறைய ஒரே மனுவை வாசித்தன. உறுப்பினர்கள் களைத்துப் போயிருந்தார்கள். எட்டாவதாக வந்தவர் சிறிய அச்சகம் நடத்துபவர். வாசிக்கவில்லை. கணக்குப் புத்தகத்திலிருந்து நகல் எடுத்த ஒரே ஒரு தாளை நீட்டினார். ஒரு பக்கம் சரக்கு கொடுத்த தேதி, மறுபக்கம் பணம் வந்த தேதி. பாதி வரிகளில் மறுபக்கம் காலியாக இருந்தது. குழுத் தலைவர் அந்தத் தாளை வாங்கி, எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரிகளிடம் காட்டி, "இதில் உங்கள் துறை எத்தனை வரி?" என்று கேட்டார். அந்த அறையில் அன்றைக்கு முதல் முறையாக எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தத் தாள் அறிக்கையின் இணைப்பில் சேர்ந்தது, பாக்கியைத் தீர்க்கக் காலக்கெடு வைக்கும் பரிந்துரைக்கு அதுவே ஆதாரமானது.

உங்கள் 40 பட்டறைகளிடமும் அதே தாளைக் கேட்டு வாங்குங்கள். பட்டறையின் பெயர் வேண்டாம், எண் போட்டால் போதும்; வாங்கியவர் பெயரையும் எழுத வேண்டாம், "அரசுத் துறை", "பெரிய கம்பெனி" என்று வகை மட்டும். 30 நாளுக்குள் எவ்வளவு, 30 முதல் 90 வரை எவ்வளவு, 90-ஐத் தாண்டியது எவ்வளவு என்று கூட்டிப் போடுங்கள். இதுதான் முதல் பக்கம். இரண்டாவது பக்கத்தில் மேலே சொன்ன கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் எந்தச் சட்டத்தில் என்ன மாற்றம் என்று ஒரு வரி. மூன்றாவது பக்கம் வேண்டாம். பேசுவதற்கு நீங்களே போங்கள். உங்களோடு, வங்கியில் கடனே இல்லாத ஒருவரையும் அழைத்துப் போங்கள். அவர் நிலைமை குழுவில் பெரும்பாலானோர் கேள்விப்படாதது.

இதெல்லாம் சட்டமாக மாதங்கள் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம். உங்கள் அடுத்த தவணை அதுவரை காத்திருக்காது. அதனால் குழு வேலையைத் தொடங்குவதற்கு முன், இந்த வாரமே உங்கள் வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தவணை தவறிய பிறகு எழுதுவதற்கும் தவறும் முன் எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தவறும் முன் கேட்டால் கடனை மாற்றியமைக்கக் கிளை மேலாளருக்கே பல இடங்களில் வழி இருக்கும். வர வேண்டிய பில்களின் பட்டியலை அதோடு இணையுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவுக்குப் போகும்போது அந்த நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

மாற்றி எழுதிய இரண்டு பக்கத்தையும் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாக எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.